குப்பை அள்ளுவதைத் தனியாருக்கு விட்டால் நிஜமாகவே செலவு குறையுமா?

கேள்வி கேட்டவர் ஒரு நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் வேலையை மொத்தமாக அவுட்சோர்சிங் விட மன்றத்தில் தீர்மானம் வைக்கப்போகிறார்கள். அதோடு இணைக்க ‘செலவு-பலன் ஒப்பீடு’ என்று ஒரு பக்கக் குறிப்பைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எதை எதோடு வைத்து ஒப்பிடுவது என்பதுதான் அவர் கேட்பது. தனியார் நல்லதா, அரசு நல்லதா என்று அவர் கேட்கவில்லை, அதனால் நானும் அந்தப் பட்டிமன்றத்துக்குள் போகப்போவதில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரிக் குறிப்புகள் கையெழுத்தாகி, வேலை நடந்து, பணமும் போன பிறகுதான் எங்கள் மேஜைக்கு வரும். எழுதும்போதே ஒருவர் கேட்பது அபூர்வம், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாக இந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இடது பக்கம் பட்ஜெட்டில் இருந்து எடுத்த ‘தற்போதைய ஆண்டுச் செலவு’. வலது பக்கம் ஒரு கம்பெனியிடம் வாங்கிய உத்தேச விலை. கீழே கழித்துப் போட்ட தொகைக்குப் பெயர் ‘சேமிப்பு’. இதில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கும், ஒப்பிட்ட விஷயம்தான் தப்பு. இன்றைக்கு ஆகும் மொத்தச் செலவு இங்கே உதவாது. ஒப்பந்தக்காரர் வேலையைத் தொடங்கும் அன்று நகராட்சியின் எந்தெந்தச் செலவு நிஜமாக நின்றுபோகும் என்று மட்டும் பாருங்கள். குறிப்பில் வேறு எதுவும் எழுத இடம் இல்லாவிட்டாலும் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

கையடக்கமாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்தவை, உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6 கோடி ஆகிறது, ஒப்பந்தக்காரர் 4.8 கோடி கேட்கிறார் என்றால் குறிப்பில் 1.2 கோடி சேமிப்பு என்று எழுதிவிடுவார்கள். அந்த 6 கோடியைப் பிரித்துப் பாருங்கள். அதில் 2.2 கோடி நிரந்தரத் தூய்மைப் பணியாளர்களின் சம்பளம். ஒப்பந்தம் போட்டதால் அவர்கள் யாரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை. 40 லட்சம் சுகாதார ஆய்வாளர், மேற்பார்வையாளர் சம்பளம். அதுவும் அப்படியே இருக்கும், இருக்கவும் வேண்டும். 30 லட்சம் ஏற்கெனவே வாங்கிய வண்டிகளின் தேய்மானம். அது போன பணம், ஒப்பந்தம் வந்தாலும் வராவிட்டாலும் திரும்பாது. ஆக நின்றுபோகும் செலவு 3.1 கோடிதான். நிரந்தரப் பணியாளர்களை மழைநீர் வடிகால் வேலைக்கு மாற்றி, அதற்காக வெளியே கொடுத்துவந்த 50 லட்சம் ஒப்பந்தத்தை நிறுத்தினால் அதையும் பலனில் சேர்க்கலாம், அது நியாயமான சேர்க்கை. அப்போதும் 3.6 கோடிதான். எதிர்ப்பக்கம் 4.8 கோடியோடு கண்காணிப்புக்கு ஒரு பத்து லட்சம் சேர்த்தால் 4.9 கோடி. 1.2 கோடி சேமிப்பு என்று தொடங்கிய குறிப்பு முதல் வருஷமே 1.3 கோடி கூடுதல் செலவில் வந்து நிற்கிறது.

‘நிரந்தரப் பணியாளர்கள் ஓய்வுபெறப் பெற இது சரியாகிவிடும்’ என்று ஆணையர் சொல்லுவார். அது பாதி உண்மை. பணியமைப்புப் பிரிவில் கேட்டால் யார் யார் எந்த வருஷம் ஓய்வு பெறுகிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அதை வாங்கி வருஷ வாரியாகப் போடுங்கள். கூடவே, ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் விலையேற்றம் இருக்கும், அதையும் போடுங்கள். என் உதாரணத்தில் வருஷம் ஐந்து பேர் ஓய்வு பெற்று 22 லட்சம் குறைந்தால், 5 சதவீத விலையேற்றம் என்ற ஒரே விதி ஒப்பந்தத் தொகையில் 24 லட்சத்தைக் கூட்டிவிடுகிறது. நீங்களே நடத்தினாலும் கூலியும் டீசலும் ஏறும் என்பதை மறுபக்கம் சேர்த்துக்கொண்டாலும், ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குள் அந்தப் பற்றாக்குறை மூடாது. வேறு ஊரில் வேறு எண்களில் மூன்றாம் வருஷமே மூடலாம். ஒரே வருஷக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

அடுத்து, அந்தக் குறைந்த விலை எங்கிருந்து குறைகிறது என்று பாருங்கள். குப்பை வேலையில் பெரும் செலவு ஆள்கூலி. ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி 550 ரூபாய் என்று வைப்போம். வேலை கொடுப்பவர் வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகக் கட்டணம், காப்பீட்டோடு சேர்த்து 13 சதவீதம் கட்ட வேண்டும், அது 71.50. இஎஸ்ஐ 3.25 சதவீதம், ஏறக்குறைய 18. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், 46 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கூட்டினால் 685 ரூபாய். சீருடை, கையுறை, விடுப்பில் போனவருக்கு மாற்று ஆள், ஒப்பந்தக்காரரின் லாபம் எதுவும் இதில் வரவில்லை. இந்த நிலையில் ஒருவர் ஆள் ஒன்றுக்கு 610 ரூபாய் என்று ஒப்பந்தப்புள்ளி கொடுத்தால், அவர் 75 ரூபாயை யாரிடமிருந்தோ எடுக்கப்போகிறார் என்று அர்த்தம். 150 பேர், மாதம் 26 நாள் என்று பெருக்கினால் வருஷத்துக்கு 35 லட்சம். உங்கள் குறிப்பில் அது ‘சேமிப்பு’ என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கும். அது திறமையால் மிச்சமான பணம் இல்லை, வைப்பு நிதிக் கணக்கில் ஏறாமல் போன பணம்.

அது ஒப்பந்தக்காரர் பாடு என்று ஒதுங்கவும் முடியாது. 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. வைப்பு நிதிச் சட்டத்திலும் இதே நிலைதான். முதன்மை வேலையளிப்பவர் என்றால் உங்கள் நகராட்சி. ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டுப் போன பிறகு வைப்பு நிதி அலுவலகத்தின் நோட்டீஸ் ஆணையர் பெயருக்கு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் ஒப்பந்தக்காரரின் பட்டியலை (பில்லை) பாஸ் பண்ணும்போது வைப்பு நிதிச் சலானை வாங்கி, பெயர்வாரியாக வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்காமல் விட்டதுதான் அங்கே நடந்தது. சலான் இருந்தது. ஆனால் அதில் இருந்த பெயர்களில் பாதிப் பேர் அந்த ஊரில் வேலை பார்த்தவர்களே இல்லை.

ஒப்பந்த ஆட்கள் பின்னால் நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது இன்னொரு கேள்வி. 2001-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், ஒப்பந்த முறையை ஒழித்தாலும் ஆட்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றது. ஆனால் ஒப்பந்தமே பெயரளவுக்குப் போட்டது, வேலை வாங்குவது எல்லாம் நிறுவனம்தான் என்று நிரூபணமானால் கதை வேறு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் மேஸ்திரி காலையில் ஒப்பந்த ஆட்களுக்கு வருகை எடுத்து, தெரு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. அது உங்கள் ஆட்களுக்குப் பொருந்துமா என்பது நகராட்சியின் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய விஷயம், தணிக்கைக்காரன் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனால் செலவுப் பக்கத்தில் இந்த அபாயத்துக்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சென்னையின் அனுபவத்தை உங்கள் மன்ற உறுப்பினர்கள் கட்டாயம் இழுப்பார்கள், அதனால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2000-ல் மாநகராட்சி மூன்று மண்டலங்களை ஓனிக்ஸ் என்ற நிறுவனத்திடம் கொடுத்தது. இன்றைக்கும் குப்பை லாரியை ‘ஓனிக்ஸ் வண்டி’ என்று சொல்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், அவ்வளவு தூரம் அந்தப் பெயர் பதிந்துவிட்டது. 2007-ல் அவர்கள் போய் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது. அந்த ஒப்பந்தம் காலம் முடியும் முன்பே முறிந்தது. அப்புறம் ராம்கி. 2020-ல் உர்பேசர் சுமித் ஏழு மண்டலங்களை எடுத்தது. ஆரம்பத்தில் அள்ளிய டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள், குப்பையோடு கட்டட இடிபாடும் மண்ணும் எடைமேடை ஏறுகிறது என்ற புகார் அதோடு சேர்ந்தே வந்தது. 2020 ஒப்பந்தத்தில் எடையை விட்டுவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்தார்களா, தொட்டி நிரம்பி வழிகிறதா என்பது போன்ற செயல்பாட்டு அளவுகோல்களுக்குப் பணம் என்று மாற்றினார்கள். பாடம் கற்க இருபது வருஷம் ஆகியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டபோது தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாகப் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள், கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. கையில் வாங்கும் சம்பளம் மாதம் பல ஆயிரம் ரூபாய் குறையும் என்பது அவர்களுடைய முக்கியமான குறை. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். மாறும் காலத்தில் வேலை நின்றால் அந்த வாரங்களுக்கு யார் குப்பை அள்ளுவது, அதற்கு என்ன செலவு என்று சென்னையின் கணக்கிலும் ஒரு வரி வேண்டியிருந்தது. உங்கள் கணக்கிலும் வேண்டும்.

எடைமேடை என்றதும் ஒரு விஷயம். பணத்தை எதோடு கட்டுகிறீர்களோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். ஒரு நகராட்சியில் டன் கணக்கில் பணம் போய்க்கொண்டிருந்தது. எடைச்சீட்டுகளை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தோம். ஒரே லாரிக்கு நான்கு நிமிஷ இடைவெளியில் இரண்டு சீட்டு இருந்தது, அது போய் வர வேண்டிய தடமோ ஒன்பது கிலோமீட்டர். வண்டியின் வெற்று எடையை ஒப்பந்தம் தொடங்கிய நாளில் ஒரு தடவை பதிவு செய்ததோடு சரி, பிறகு எல்லாச் சீட்டிலும் அதே எண். இடையில் வண்டிக்குப் பக்கப் பலகை ஏற்றிக் கனம் கூட்டியிருந்தார்கள், அந்தக் கனமும் மாதாமாதம் குப்பையாகப் பட்டியலில் ஏறியது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய புத்தி தேவையில்லை. சீட்டை உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் தேவை, அவ்வளவுதான். கண்காணிப்புச் செலவு என்று நான் சொன்னது அந்த ஆளின் சம்பளம். சேமிப்பு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குறிப்பில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

அளக்க முடிந்த வேலை, அளக்க முடியாத வேலை என்ற பிரிப்பு, விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது என்பேன். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போயிருப்பீர்கள். ஏ கவுண்டரில் ஆவணத்தை ஸ்கேன் செய்து, போட்டோ, கைரேகை எடுப்பவர் டிசிஎஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர். பி கவுண்டரில் ஆவணத்தைச் சரிபார்ப்பவரும், சி கவுண்டரில் அனுமதி கொடுப்பவரும் அரசு ஊழியர்கள். எத்தனை விண்ணப்பம், எவ்வளவு நேரம் என்று எண்ணக்கூடியதை வெளியே விட்டார்கள். பாஸ்போர்ட் கொடுக்கலாமா கூடாதா என்ற முடிவைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். குப்பையிலும் அதே மாதிரி பிரிக்கலாம். வீட்டு வாசலில் வாங்குவதையும் வண்டி ஓட்டுவதையும் எண்ணிவிடலாம். அபராதம் போடுவது, புகாரை முடித்துவைப்பது, ‘இந்தத் தெருவில் வேலை நடந்தது’ என்று சான்றளிப்பது ஆகிய மூன்றையும் ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள். தான் செய்த வேலைக்குத் தானே சான்று எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டில் எந்தச் செலவு-பலன் கணக்கும் நிற்காது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. நகராட்சிக்கென்று அரசியலமைப்பு ஒதுக்கிய வேலையை வெறும் சேவையாக ஒருவர் செய்து கொடுத்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, தூய்மைப் பணி அதில் வரும். பொருளும் சேர்த்துக் கொடுக்கும்போது பொருளின் மதிப்பு மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதே டெண்டரில் அலுவலகக் காவல், டேட்டா என்ட்ரி என்று எதையாவது செருகினால் அந்த விலக்கை நம்ப முடியாது, 18 சதவீதம் வந்து உட்காரும். கம்பெனிகளைப் போல நீங்கள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. சொந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் ஜிஎஸ்டி கிடையாது. மற்ற துறைகளில் இருப்பவர்கள் இதைப் படித்தால் இந்த 18 சதவீதத்தை முதலில் பாருங்கள், பல நேரம் மொத்தச் சேமிப்பையும் அதுவே தின்றுவிடும்.

வெளியேறும் செலவை யாரும் எழுதுவதில்லை. ஒப்பந்தம் போட்ட உடனே பழைய வண்டிகளை ஏலம் விட்டுவிடுவார்கள், ஓட்டுநர் பணியிடத்தை ஒழித்துவிடுவார்கள். ஐந்து வருஷம் கழித்து ஒப்பந்தக்காரர் விலையை ஏற்றிக் கேட்டால் மறுக்க உங்களிடம் ஒன்றுமே இருக்காது. சில வார்டுகளையாவது நகராட்சியே வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் ஒரு வார்டுக்கு நிஜமாக எவ்வளவு ஆகும் என்ற எண் எப்போதும் கையில் இருக்கும்.

இவ்வளவு சொன்னதால் நான் அவுட்சோர்சிங்குக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். பலன் பக்கத்திலும் எழுத வேண்டிய உண்மையான அம்சங்கள் உண்டு. வண்டி பழுதானால் நகராட்சியில் மதிப்பீடு, அனுமதி, கொட்டேஷன் என்று வாரக்கணக்கில் நிற்கும். ஒப்பந்தக்காரர் மறுநாள் வேறு வண்டி விடுவார். தீபாவளி, பொங்கலுக்குக் குப்பை கூடும்போது அவரால் ஆள் கூட்ட முடியும். அதைவிட முக்கியம், பல ஊர்களில் காலிப் பணியிடத்தை நிரப்ப அனுமதியே வருவதில்லை. அங்கே கேள்வி ‘நிரந்தர ஆளா, ஒப்பந்த ஆளா’ என்பதில்லை, ‘ஒப்பந்த ஆளா, ஆளே இல்லையா’ என்பதுதான். உங்கள் ஊர் நிலை அது என்றால் அதை அப்படியே குறிப்பில் எழுதுங்கள். சேமிப்பு என்று பொய்க் காரணம் காட்ட வேண்டாம்.

தனியார் என்றாலே செலவு குறையும் என்ற நம்பிக்கை உலக அளவிலும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஜெர்மா பெல், சேவியர் ஃபகேதா, மில்ட்ரெட் வார்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் குப்பை, குடிநீர் சேவைகளைப் பற்றி வெளிவந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி 2010-ல் ஆராய்ந்தார்கள். தனியார் நடத்தினால் முறையாகச் செலவு குறைகிறது என்பதற்கு அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. கூடுகிறது என்றும் அவர்கள் சொல்லவில்லை. ஊரையும் போட்டியையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் ஊர் டெண்டருக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை முன்கூட்டி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஆள் வந்தால் மேலே போட்ட கணக்கு எல்லாம் மாறிவிடும்.

அமெரிக்க மத்திய அரசில் ஏ-76 என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. வேலையை வெளியே விடுவதற்கு முன் அரசு ஊழியர்களும் தங்கள் பக்கத்தில் ஒரு திருத்திய திட்டமும் விலையும் கொடுத்துத் தனியாரோடு போட்டியிட வேண்டும். ஆட்கள் செலவில் 10 சதவீதம் அல்லது 1 கோடி டாலர், இதில் எது குறைவோ அந்த அளவாவது மிச்சமானால்தான் கைமாற்றலாம், மாற்றும் சிரமத்துக்கு அதுதான் ஈடு. அந்த முறையிலும் சண்டை வந்து புதிய போட்டிகளை நாடாளுமன்றமே பல வருஷமாக நிறுத்தி வைத்திருக்கிறது, அது வேறு கதை. அதில் எனக்குப் பிடித்த அம்சம், அரசுப் பக்கத்துக்கும் திருந்த ஒரு வாய்ப்பு கொடுப்பது. நம் குறிப்புகளில் ஓட்டை வண்டியும் பாதிக் காலிப் பணியிடமுமாக இருக்கும் இன்றைய நகராட்சியை, புத்தம் புது வண்டியோடு வரும் ஒப்பந்தக்காரரோடு நிறுத்துகிறோம். அதே புது வண்டியை நகராட்சியே வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள். நான்காவதாக சுய உதவிக் குழு அல்லது கூட்டுறவு. புணேயில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் ஸ்வச் கூட்டுறவு பல வருஷமாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாக வாங்குகிறது, வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அது பொருந்தாமலும் போகலாம், ஆனாலும் பார்த்துவிட்டு ஒதுக்கினோம் என்று பதிவாவது இருக்கும்.

ஒரு பக்கத்துக்குள் இதையெல்லாம் அடக்க முடியாது என்பீர்கள். குறிப்பு ஒரு பக்கமே இருக்கட்டும், பின்னிணைப்பாக மூன்று தாள் வையுங்கள்: நிற்கும் செலவும் நிற்காத செலவும் வருஷ வாரியாக, ஒரு ஆளுக்கான விலைப் பகுப்பாய்வு, வெளியே விடும் வேலை எது, கையில் வைப்பது எது என்ற பட்டியல். ஓய்வுபெறுவோர் பட்டியலைப் பணியமைப்புப் பிரிவிலும், மூன்று வருஷ டீசல், பழுதுபார்ப்புச் செலவை வண்டிவாரியாகப் பொறியியல் பிரிவிலும் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். தீர்மானத் தேதி நெருங்கிவிட்டால் யாரும் தர மாட்டார்கள். ‘சேமிப்பு’ என்ற எண்ணை மாற்றிப் போடச் சொல்லி வாய்மொழியாக உத்தரவு வந்தால், உங்கள் கணக்கைக் கோப்பில் அப்படியே விட்டுவிட்டு, மாற்றச் சொன்னவர் தம் கையால் அதே கோப்பில் எழுதட்டும் என்று அனுப்பிவையுங்கள்.